நீல் என்றால் வீரன்தான், மாமா

பசறை,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்புக்குரிய மாமா இராமையா அவர்களுக்கு மருமகன் இந்திரஜித் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், உங்கள் மகள் பிரஷாந்தினி, குழந்தை மூவரும் நலம். லுணுகலைக் குளிரில் உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நான் பேசத் தொடங்கியதும் நீங்கள் போனை வைத்துவிடுவதால் இந்தக் கடிதம். "அர்த்தம் தெரியாத பேரா இருந்தா பேரு வைக்கிற அன்னைக்கு நான் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டீர்கள். அர்த்தத்தோடுதான் வந்திருக்கிறேன். என் பெயர் பள்ளிக்கூடச் சான்றிதழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி. இரண்டும் ஒரே ஆள்தான் என்று இதுவரை நான்கு சத்தியக் கடதாசி முடித்தவன் நான். அதனால்தான் என் மகனுக்கு எவராலும் பிழைவிட முடியாத இரண்டெழுத்தில் நீல் என்று தெரிந்தெடுத்தேன். ஓய்வுபெற்ற இங்கிலிஷ் வாத்தியார் லத்தீப் சேரிடம் கேட்டேன். "அயர்லாந்துப் பக்கத்துப் பழைய பேரு தம்பி. சில பேரு வீரன்னு சொல்றாங்க, சில பேரு மேகம்னு சொல்றாங்க, யாருக்கும் நிச்சயமில்ல" என்றார். எனக்கு நிச்சயம்: வீரன். மேகத்தை அங்கேயே விட்டுவிட்டேன்.

அத்தாட்சியும் உண்டு. புதன்கிழமை கிளினிக்குக்காகப் பதுளை பஸ்ஸில் போனோம். வளைவுக்கு வளைவு குழந்தை அழ, மடியில் வைத்திருந்த மச்சினி ஜீவராணி "நீலு, நீலு" என்று தாலாட்ட, அந்த இரைச்சலில் டிரைவருக்கு அது நில்லு, நில்லு என்று கேட்டு மூன்று இடத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டார். கண்டக்டர் வந்து, "யாருங்க எறங்குறது?" என்றார்.

"யாரும் எறங்கலைங்க. புள்ள பேருங்க அது" என்றாள் ஜீவராணி.

பிறந்து இருபது நாளில் பஸ்ஸை நிறுத்துகிறவன் வீரன் இல்லாமல் வேறு யாருங்க மாமா?

ஆகவே பேரு வைக்கிற வியாழக்கிழமை காலையிலேயே வந்துருங்க. நீங்க மடியில வச்சு மூணு தரம் பேரு சொன்னாத்தான் எனக்கு மனசு ஆறும். அத்தைக்கு என் வணக்கம். முருகன் உங்கள் காலுக்குத் தெம்பும் மனதுக்குக் குளிர்ச்சியும் தரட்டும்.

அன்புள்ள மருமகன்,
இந்திரஜித்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் பிரஷாந்தினி இதை வாசித்துவிட்டு, அலுமாரியிலிருந்து பிறப்புச் சான்றிதழை எடுத்து நீட்டினாள். முந்தநாளே பதிந்தாகிவிட்டதாம். பெயர் டிலுக்ஷன். நீங்களும் அவளும் சேர்ந்து தெரிந்தெடுத்ததாம். "சொல்றதுக்கு எடம் குடுத்தாத்தானே நீங்க" என்கிறாள். பெயர் நன்றாகத்தான் இருக்கிறது. லத்தீப் சேருக்குப் போன் போட்டேன். பெயரை இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, "பேரு வச்சவங்களையே கேளுங்க தம்பி" என்றார். டிலுக்ஷனுக்கு என்னங்க மாமா அர்த்தம்?