வூபர் பெட்டியின் மேல் கும்பம்

கிளி,

ஊருக்கு நீங்கள் அப்புத்துரை. ஐயர் மந்திரத்தில் சொன்னதும் அந்தப் பேர்தான். ஆனால் நான் கூப்பிடுகிற பேரைப் போட்டால்தான் கடிதம் ஆள் மாறாமல் வந்து சேரும். நான் இங்கே சுகம். நீங்கள் அங்கே சுகமாக இருக்கிறீர்கள் என்று ஐயர் சொன்னார். அவருக்கு ஆர் சொன்னது என்று நான் கேட்கவில்லை, திவசத்தில் நின்றுகொண்டு அப்படிக் கேட்கக்கூடாது. எங்கள் பசு சிவப்பி நாகு கன்று போட்டிருக்கிறது. அக்கராயன் குளத்தில் தண்ணீர் நிற்கிறது, இந்தப் போகம் பிழையில்லை. மகளும் மருமகனும் என்னோடுதான் இருக்கிறார்கள். மற்றும் விசேஷம், உங்கள் வீட்டு விறாந்தையில் இப்போது இரண்டு விதமான ஸ்பீக்கர் நிற்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் போன மாரியோடு உங்கள் பழைய பாட்டுப் பெட்டியையும் கறையான் தின்று முடித்துவிட்டது. மேலே பார்க்க நல்ல பெட்டி மாதிரித்தான் இருந்தது, துடைப்போம் என்று கையை வைத்தேன், கை உள்ளே போய்விட்டது. அதற்குப் பிறகு வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. பின்னேரம் நீங்கள் வயலால் வந்து நாதஸ்வரக் கச்சேரியைப் போடுவதும், தவில் அடிக்கிற அடியில் குசினியில் என்ரை தட்டுகள் கிலுங்குவதும், நான் அகப்பையோடு வந்து ஏசுவதும், "இஞ்சை பார், இது தவில். இரைச்சல் உன்ரை வாயிலையிருந்து வாறது" என்று நீங்கள் சொல்வதும் எல்லாம் நின்றுபோய், தட்டுகள் வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கின்றன. நானும் அப்படித்தான். தட்டுக் கிலுங்கவேண்டும் என்று பிள்ளைகளிடம் சொன்னால் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போவார்கள். பாட்டுக் கேட்க ஆசையாயிருக்கு என்று மட்டும் சொன்னேன்.

அது போதும் அவர்களுக்கு. கனடாவில் இருந்து உங்கள் மகன் ஜெயந்தன், "அம்மா, நிலத்திலை நிக்கிற பெரிய ஸ்பீக்கர் வாங்குங்கோ, நெஞ்சளவு உயரம். அப்பாவுக்கு அதுதான் மரியாதை" என்றான். மகள் சுரேகா விடுவாளா? "அண்ணைக்கென்ன, அங்கையிருந்து சொல்லுவார். சுத்திக் கூட்டுறது ஆர், நானெல்லோ! சின்னன் ரெண்டை அலுமாரித் தட்டிலை வைச்சிட்டு, அடிச்சத்தத்துக்கு ஒரு வூபர் பெட்டியை மூலைக்குள்ளை தள்ளிவிட்டால் காணும்." காணி பிரிக்கிறபோதுகூடச் சண்டை பிடிக்காத பிள்ளைகள், ஸ்பீக்கருக்காகக் கதை பேச்சில்லாமல் போய்விடுவார்களோ என்று பயந்து, மருமகன் கிருசாந்தன் பரந்தனில் கடைக்காரரோடு கதைத்து இரண்டையும் இறக்கிவிட்டார். வைத்துக் கேட்டுப் பார்த்து, பிடிக்காததைத் திருப்பிக் கொடுக்கலாமாம். திவசம் முடிய வான் வரும்.

நெட்டையர் இரண்டு பேரும் உங்கள் படத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சென்றிக் காவலுக்கு நிற்கிற மாதிரி நின்றார்கள். அவர்களிடம் குறை சொல்ல ஏலாது. நாதஸ்வரமும் தவிலும் ஒரே மேடையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து வாசிக்கிற மாதிரி, மூச்சு இழுக்கிறதுகூடக் கேட்டது. ஆனால் ஒரு தட்டும் அசையவில்லை. பிறகு கட்டையரைப் போட்டார்கள். நாதஸ்வரக்காரர் அலுமாரிக்கு மேல் ஏறியிருக்க, தவில்காரர் கதவு மூலைக்குள் தனியக் குந்தியிருக்கிறார், இரண்டு பேருக்கும் ஏதோ கோபம் போல. கச்சேரி என்று பார்த்தால் அலங்கோலம். ஆனால் கிளி, குசினியில் தட்டுகள் கிலுங்கின. நான் என்னை மறந்து, "காது வெடிக்குது, கொஞ்சம் குறையுங்கோவன்!" என்று கத்திப்போட்டேன். கிருசாந்தன் ஓடிவந்து குறைத்துவிட்டார். நல்ல பிள்ளை. நீங்கள் ஒருநாளும் குறைத்ததில்லை.

முந்தநாள் உங்கள் முதல் வருச ஆட்டைத் திவசம். காலமை ஐயருடைய காரியம் முடிந்தது. பொழுதுபட படையல் போடுவதற்கு உங்கள் தங்கச்சி இராசமலர் மச்சாள் விசுவமடுவில் இருந்து வந்து முன்னுக்கு நின்றா. அவா முன்னுக்கு நின்றால் மற்ற எல்லோரும் பின்னுக்குத்தானே. மூலையில் கிடந்த வூபர் பெட்டியைக் கண்டுவிட்டு, "நல்ல ஸ்ரூல் ஒண்டு கிடக்கு" என்று இழுத்து வந்து, வெள்ளைத் துணி விரித்து, உங்கள் படத்துக்கு நேரே அதன்மேல் கும்பத்தை வைத்துவிட்டா. செம்பு, மாவிலை, தேங்காய் எல்லாம் முறைப்படி. சுரேகா வாய் திறக்க முன்னம் தேங்காய்க்குத் திருநீறும் பூசியாயிற்று. வைத்த கும்பத்தை அசைக்கக்கூடாது என்று உங்களுக்குத் தெரியும்தானே. கிடக்கட்டும் என்று விட்டோம். வாழையிலையில் நண்டுக் கறி, கணவாய், பக்கத்தில் உங்கள் கள்ளு. அப்பாவுக்குப் பிடித்த கச்சேரி என்று கிருசாந்தன் பாட்டைப் போட்டார்.

முதலில் மாவிலை நடுங்கியது. பிறகு தேங்காய் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. குசினியில் தட்டுகளும் தொடங்கிவிட்டன. செம்புத் தண்ணீர் தளம்பிக் கள்ளுக்குள் தெறித்தது.

"ஐயோ, அண்ணை வந்திட்டார்! கள்ளுக்குத் தண்ணி கலக்கிறார், பாருங்கோ!"

"அப்ப அது அவரில்லை, மச்சாள்" என்றேன் நான். "அவர் ஒருநாளும் கலந்தவரில்லை."

"நீர் சும்மா இரும். அண்ணை, எங்களிலை ஏதும் குறையோ?"

தொம்.

"சாப்பாட்டிலையோ?"

சத்தமில்லை.

"மச்சாளிலையோ?" என்று என்னைக் காட்டிக் கேட்டா. தொம் தொம்.

"அது தாளம், மச்சாள்!" என்றேன். ஆர் கேட்டது? போனில் பார்த்துக்கொண்டிருந்த ஜெயந்தன் அங்கேயிருந்து கத்தினான்: "மாமி, அப்பாவுக்கு எந்த ஸ்பீக்கர் விருப்பமெண்டு கேளுங்கோ!"

"அண்ணை, உந்த உயரமானதோ?"

தவில்காரருக்கு அந்த நேரம் பார்த்துத்தான் தாளத்தை முடித்துத் தீர்மானம் வைக்க வந்தது. தொம், தொம், தொம் என்று அடித்து நிறுத்தினார். தேங்காய் தலையாட்டியது. மச்சாள் விழுந்து கும்பிட்டா. சுரேகா, கட்டையருக்காகச் சண்டை பிடித்தவள், "அப்பா கேட்டால் பிறகென்ன" என்று அழுதாள். கனடாவிலும் அழுகை.

நான் மட்டும் அழவில்லை. கும்பத்துக்குக் கீழே இருந்து உதைத்தது வூபர் பெட்டி என்று எனக்குத் தெரியும். தனக்கு எதிராகத் தானே வாக்குப் புள்ளடி போட்ட பெட்டியை நான் இப்போதுதான் காண்கிறேன். ஆனால் எப்படிச் சொல்ல? உங்கள் செத்தவீட்டில் இருந்து அரை வயிற்றோடு திரிந்த மச்சாள், அண்ணை தன்னோடு கதைத்துவிட்டார் என்று அன்றைக்குத்தான் சிரித்துச் சிரித்து இரண்டாந்தரம் சோறு போட்டுச் சாப்பிட்டா. "மச்சாள், நீங்கள் கதைச்சது பெட்டியோடை" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனபடியால் இப்படி யோசித்திருக்கிறேன். நாளைக்கு வான் வந்ததும் நெட்டையரை ஏற்றிவிடுவேன். கேட்டால், கனவிலே வந்து மனம் மாறிச் சொன்னார் என்பேன். மனம் மாறுகிற ஆள்தானே நீங்கள், கலியாணத்துக்கு முதல் எங்கள் அக்காவைப் பார்க்க வந்தவர்தானே. எனக்குத் தட்டுக் கிலுங்கினால் காணும். நீங்கள் செய்யவேண்டியது ஒன்றுதான்: மச்சாளின் கனவில் போய் வேறு கதை சொல்லிப்போடாதேங்கோ. கனடாவுக்கும் போகவேண்டாம், அங்கே குளிர், உங்களுக்கு இழுப்பு வரும்.

மாமாவையும் மாமியையும் கண்டால் நான் கேட்டதாகச் சொல்லுங்கள். பிள்ளைகள் இரண்டு பேருக்கும் மேலே இருந்து ஒரு கண் வைத்திருங்கள். மற்றக் கண் என்னில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஏசுவதற்கு ஆளில்லாத
மங்களேஸ்வரி

பி.கு.: கடிதத்தை மடிக்க முன்னம் கிருசாந்தனைக் கூப்பிட்டு, நாளைக்கு ஏற்றவேண்டியது நெட்டையரை என்று காதுக்குள் சொல்லி, காரணத்தையும் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "மாமி, அண்டைக்குப் பாடினது பெரிய ஸ்பீக்கரெல்லோ. வூபருக்குக் கரண்டே இல்லை. வந்த ஆக்களுக்குத் தேத்தண்ணி வைக்கிறதுக்கு, சுரேகா அதின்ரை பிளக்கைக் கழட்டிப்போட்டுக் கேத்திலைக் கொழுவினவள்" என்றார். போய்ப் பார்த்தேன். கேத்தில் இன்னும் அதிலேதான் கொழுவிக் கிடக்கிறது. நெட்டையர் அதற்கு முன்னமும் ஒரு தட்டை அசைக்கவில்லை, இன்றைக்குப் போட்டுப் பார்த்தேன், இன்றைக்கும் அசைக்கவில்லை. இப்போது எனக்கு எந்தப் பெட்டியை ஏற்றுவது என்றும் தெரியவில்லை. உண்மையைச் சொல்லுங்கோ கிளி, அந்தத் தேங்காயை ஆட்டினது ஆர்?