எட்டு மாதம் வாடாத பூ

ஒரு பூ எட்டு மாதமாக வாடவில்லை. செய்தி அவ்வளவுதான். அதற்காகக் கம்பளையிலிருந்தும் கெலிஓயாவிலிருந்தும் வான் பிடித்துச் சனம் வந்தது.

பூ இருந்த இடம் கண்டிக்குப் பக்கத்தில் திகன. கல்யாணங்கள் வராமல் மூடிக் கிடந்த ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, மேடையில் பட்டுத்திரை கட்டி, திரைக்கு முன்னால் ஒரு பித்தளைக் குடத்தை வைத்திருந்தார் முள்மலர்ச் சாமி. குடத்தில் தேங்காய் அளவில் உருண்டையாக ஒரு கள்ளிச்செடி. உடம்பெல்லாம் முள், உச்சந்தலையில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரே ஒரு பூ. நல்லவர் முன்னால் அது மலர்ந்தே நிற்கும். தோஷக்காரர் கைபட்டால் சுருங்கிக்கொள்ளும். இமயமலைப் பனிக்குள்ளிருந்து தோண்டி எடுத்து வந்ததாகச் சாமி சொன்னார். இது மெக்சிக்கோ பக்கத்துச் செடி, பனியில் போட்டால் செத்துப்போகும் என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. சொல்லியிருந்தாலும், அம்பாளுக்கு மெக்சிக்கோ ஒரு தூரமா என்று கேட்டிருப்பார்கள்.

சாமிக்குப் பூர்வாசிரமப் பெயர் சந்திரகுமார். பூர்வாசிரமத் தொழில், கல்யாண மேடை அலங்காரம். இதுவும் எல்லாருக்கும் தெரியும். மேடைக்குப் பூக் குத்தியவரை அம்பாள் பூவாலேயே ஆட்கொண்டாள் என்று அதற்கும் ஒரு கதை வைத்திருந்தார்கள். நம்புவது என்று முடிவெடுத்துவிட்டால் காரணமா கிடைக்காது?

போகும்போது வீட்டுக்கு ஒரு குட்டிச் செடி வாங்கிப் போக வேண்டும். அதன் தலையிலும் ஒரு குட்டிப் பூ. தினமும் காலையில் அதற்கு ஒரு தம்ளர் பால் அபிஷேகம். கண்டி மழைக்கு வெளியே வைத்தாலே அழுகுகிற செடிக்குப் பால் வேறு ஊற்றினால் என்னாகும்? இரண்டாம் கிழமை கொழகொழவென்று சரிந்துவிடும். வீட்டுக்கு வந்த வினையைச் செடி வாங்கிக்கொண்டது என்பார் சாமி. சனம் கண்கலங்கி அடுத்த செடியை வாங்கும். ஜெயராஜ் என்கிற லொறிக்காரரின் வீட்டில் ஐந்து செடி அழுகியது. மனிதர் தன் வினையின் அளவை நினைத்துப் பெருமைப்படவே தொடங்கிவிட்டார்.

இந்தப் பூவின் முன்னால்தான் லோஜினியின் கல்யாணம் வந்து நின்றது.

லோஜினி கண்டியில் ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளர். நாள் முழுக்க மற்றவர்களை வாய் திறக்கச் சொல்லியே பழகியதால், தன் வாயை மூடி வைக்கும் பழக்கம் அவளுக்கு வரவில்லை. அப்பா பொன்னையா தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்ந்தவர். அவள் கட்டுகஸ்தோட்டையில் ஒரு வீட்டின் மேல்தட்டில் வாடகைக்கு இருந்தாள். அந்த வீட்டு மொட்டைமாடியில் மழைக்குப் பொலித்தீன் கட்டி, தயிர்ச் சட்டிகளின் அடியில் துளை போட்டு, நாற்பது ஐம்பது கள்ளிகளை வளர்த்தாள். விரல் போல, முட்டை போல, கிழவன் தாடி போல நரைத்ததெல்லாம் அதில் உண்டு.

பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு செடிகளைக் காட்டி, எது கக்டஸ், எது நம் வேலியோரக் கள்ளி என்று கேட்டால், அவள் ஊசியை எடுப்பாள். குத்தினால் பால் வடிவது வேலிக் கள்ளி, அந்தப் பால் கண்ணில் பட்டால் கண் போகும். முள் முளைக்கும் இடத்தில் சின்னப் பஞ்சுப் பொட்டு இருந்தால் அது கக்டஸ். அதில் பூவும் அந்தப் பொட்டிலிருந்துதான் வரும். அதுவும் சில நாளில் உதிர்ந்துவிடும். எட்டு மாதக் கதையைக் கேட்டபோது அவள் சிரித்தாள். பிறகு வருங்கால மாமியார் அந்தப் பூவிடம் தன்னைக் கூட்டிப்போகப் போகிறார் என்று கேள்விப்பட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது.

வருங்கால மாமியார் கமலாசனி யாழ்ப்பாணத்துக்காரர். முப்பது வருடம் கண்டியில் அரசாங்க வேலை, அதுவும் பரீட்சைப் பிரிவில். வெள்ளி விரதம், சஷ்டி விரதம், ஒன்றும் தவறாது. ஒரே மகன் ஆரணன், பொறியியலாளன். பல் பிடுங்க வந்த இடத்தில் லோஜினியைப் பார்த்து, பல் போன பிறகும் ஆறு தடவை வந்தவன். இரண்டு வருடக் காதல். தோட்டத்து ஆளின் மகள் மருமகளாக வருவதில் கமலாசனிக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் படித்த மனுஷி, அதை வாயால் சொல்ல வெட்கம். இந்த மாதிரி வெட்கங்களுக்காகத்தான் உலகத்தில் சாமியார்கள் இருக்கிறார்கள்.

ஆரணனையும் கூட்டிக்கொண்டு முதல் தடவை போனபோது சாமி, தம் வழக்கப்படி, கூட்டி வந்தவரை ஒதுக்குப்புறமாக அழைத்துக் குசலம் விசாரித்தார். பிள்ளை எப்படி என்று கேட்டார். பக்கத்துக் கதிரையில் இருந்த லோஜினிக்கு எல்லாம் காதில் விழுந்தது.

"பிள்ளை நல்ல பிள்ளைதான் சாமி," என்றார் கமலாசனி. பெருமூச்சு விட்டார். "எண்டாலும்…"

அந்த 'எண்டாலும்' போதும். சாமிக்கு வேறு ஜாதகம் தேவையில்லை.

முன்னால் போனவர்களுக்கெல்லாம் நெற்றியில் உலர்ந்த விபூதி பூசி, பக்கத்தில் சூடம் கொளுத்தி வைத்தார். பூ ஜம்மென்று விரிந்து நின்றது. லோஜினியின் முறை வந்ததும் விபூதித் தட்டு ஒதுங்கியது, தீர்த்தச் செம்பு வந்தது. இரண்டு கையும் நிறையத் தீர்த்தம். ஈரக் கைகளைப் பூவின்மேல் குடைபோலக் கவிழ்த்து, குனிந்து, பாட்டு முடியும்வரை மனமுருகி வேண்டச் சொன்னார். ஒலிபெருக்கியில் பாட்டு ஓடியது. முடிந்து கையை எடுத்தபோது பூ மொட்டுப் போலக் கூம்பியிருந்தது.

"அம்பாள் மொகத்தத் திருப்பிக்கிட்டா," என்றார் சாமி, தணிந்த குரலில்.

சனம் வாயில் கைவைத்தது. தன்னிடம் ஏதோ குறை இருக்கிறதோ என்று ஒரு கணம் லோஜினியே நினைத்துவிட்டாள். பிற்பாடு அவளுக்கு எல்லாவற்றையும்விட ஆத்திரம் வந்தது அந்த ஒரு கணத்தின் மேல்தான். கமலாசனி துக்கமாக முகத்தை வைத்துக்கொண்டார், ஆனால் பரிகாரம் என்னவென்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சீட்டு விழுந்தவர் போல நிம்மதியாக மூச்சு விட்டார். ஆரணன் தன் காலிலிருந்த சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அம்பாள் இளைப்பாற வேண்டும் என்று குடத்தைத் திரைக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். அரை மணி நேரம் நாதஸ்வரம் காதைப் பிளந்தது. அதற்குள்ளும் உள்ளே ஏதோ 'ர்ர்ர்' என்று இரைவது லோஜினிக்குக் கேட்டது. திரை விலகியதும் பூ மறுபடி மலர்ந்திருந்தது. அவள் நாலடி தூரத்திலிருந்து கண்ணை இடுக்கிப் பார்த்தாள். பூவுக்குக் கீழே பஞ்சுப் பொட்டு இல்லை. ஏதோ மினுங்கியது.

அன்று பின்னேரம் ஆரணன் போன் எடுத்து, அம்மா கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்கிறார் என்றான். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு என்று அவள் கேட்டாள். அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றான்.

கீழ்வீட்டு அஸீமாவிடம் போய் அவள் அழுதாள். முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்பார்கள், லோஜினியும் அப்படியே கூப்பிடுவாள். அழுது, மூக்கைச் சிந்தி, பூ சுருங்கிய விதத்தைக் கையால் காட்டியபோது, அஸீமா எழுந்துபோய் அலுமாரியைத் திறந்து ஒரு காய்ந்த பூங்கொத்தை எடுத்து வந்தார். நுவரெலியா போனபோது ரோட்டோரத்தில் வாங்கியது. வைக்கோல் போல மொரமொரப்பான இதழ்கள், அதே செம்மஞ்சள்.

"இந்தப் பூவா, பாரு புள்ள. மழ வந்தா மூடிக்கும், வெயிலடிச்சா தொறந்துக்கும். செத்து நாலு வருசம். வேல மட்டும் நிக்கல்ல."

லோஜினி கண்ணைத் துடைத்துக்கொண்டு தண்ணீர்க் கேத்தலை அடுப்பில் வைத்தாள். ஆவியில் பிடித்தால் பூ கூம்பியது. வெயிலில் வைத்து விசிறினால் விரிந்தது. ஈரம் பட்டால் சுருங்கும், காய்ந்தால் விரியும், அதற்கு உயிரும் வேண்டாம் அம்பாளும் வேண்டாம். ஐந்து தடவை செய்து பார்த்தாள். ஐந்து தடவையும் அஸீமாவின் அலுமாரிப் பூ, தோஷம் பார்க்காமல் எல்லார் கைக்கும் ஒரே மாதிரி நடந்துகொண்டது.

மறுநாள் கமலாசனியைத் தேடிப்போய், ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"மாமி, ஓ.எல். பரீட்சைத் தாளுக்கே மீள்திருத்தம் இருக்கு. எனக்கு இல்லியா?"

இது கமலாசனியை இடம் பார்த்துத் தாக்கியது. முப்பது வருடம் மீள்திருத்த விண்ணப்பங்களை வரிசைப்படுத்திய கை அது. முடிவு மாறாது என்று அவருக்கு நிச்சயம். ஆனாலும் விண்ணப்பத்தை மறுக்க அவருக்கு மனம் வரவில்லை. பௌர்ணமிப் போயா லீவன்று போவோம் என்றார்.

போயா தினம். மண்டபம் நிரம்பி வழிந்தது. லோஜினியைக் கண்டதுமே சாமி தீர்த்தச் செம்பைத் தூக்கினார். அவள் கையை நீட்டவில்லை.

"சாமி, தாள் திருத்துறவங்க சரியா திருத்துறாங்களான்னு பாக்கணும்னா, விடை தெரிஞ்ச தாள மொதல்ல குடுத்துப் பாக்கணும். மாமி மொதல்ல வைக்கட்டும். அவங்களுக்கு எந்தத் தோஷமும் இல்லன்னு இந்த ஊருக்கே தெரியும்."

கூட்டம் சரி என்றது. கமலாசனி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார். சாமி அவசரமாக விபூதித் தட்டைத் தேடினார். பெரியவர்களுக்குத் தீர்த்தம் தேவையில்லை, விபூதியே போதும் என்றார். எனக்குத் தந்ததையே அவருக்கும் தாருங்கள் என்றாள் லோஜினி.

"ஓம், அதையே தாங்கோ சாமி," என்றார் கமலாசனி. "எனக்கென்ன பயம்."

கை நிறையத் தீர்த்தம் வாங்கி, பூவின்மேல் கவிழ்த்து, குனிந்து, கண்ணை மூடினார். பாட்டு தொடங்கியது. முதல் அடி முடியுமுன் சாமி நைசாகப் பாட்டை நிறுத்திவிட்டு, போதும் அம்மா, கையை எடுங்கள் என்றார். ஆனால் பக்தையை அவ்வளவு லேசில் நிறுத்த முடியுமா? அந்தப் பாட்டு கமலாசனிக்கு மனப்பாடம். மிச்ச அடிகளைத் தன் சொந்தக் குரலில், ஒன்றுவிடாமல், சில அடிகளை இரண்டு தடவை பாடி முடித்தார். சாமிக்கு வியர்த்தது.

கையை எடுத்தார். பூ இறுகக் கூம்பியிருந்தது.

மண்டபத்தில் யாரோ, இந்த அம்மாவுக்கே தோஷமா என்று முணுமுணுத்தார்கள். கமலாசனியின் முகம் கறுத்துப்போனது. வெள்ளி விரதமும் சஷ்டி விரதமும் சபையில் தோற்று நின்றன. சாமி சுதாரித்துக்கொண்டு, சின்னதாக ஒரு பரிகாரம் இருக்கிறது என்று ஆரம்பித்தார்.

"வாயை மூடும். நீர் வையும் பாப்பம் கையை," என்றார் கமலாசனி.

சாமி வைக்கவில்லை. இரண்டடி பின்னால் போனார். லோஜினி முன்னால் போனாள். முள் பிடுங்குவதற்கென்று அவள் பையில் எப்போதும் ஒரு சாமணம் இருக்கும். அதைக் கொண்டு பூவைக் காம்போடு பிடித்து ஒரு திருகு திருகினாள். டக்கென்று கையோடு வந்தது. அடியில் கண்ணாடி போல ஒரு சொட்டு, மேடை அலங்காரத்தில் சூடாக்கி ஒட்டுவார்களே, அந்தப் பசை.

அவள் பூவை முன்வரிசையில் கொடுத்துச் சுற்ற விட்டாள். ஈரத்தில் சுருங்கும் காய்ந்த பூ என்பதை நாலே வாக்கியத்தில் சொன்னாள். யாரோ பட்டுத்திரையை இழுத்தார்கள். பின்னால் ஒரு பெட்டி நிறையக் காய்ந்த பூ, பசை உருக்கும் துப்பாக்கி, தலைமுடி உலர்த்தும் மெஷின் ஒன்று. சாமியோ முழு மொட்டை. அந்த மெஷின் யாருக்கு என்று புரிந்துகொள்ளக் கூட்டத்துக்கு அரை நிமிடம் எடுத்தது.

"பூ பொய்யா இருக்கலாம்," என்றார் சாமி கடைசி முயற்சியாக. "ஒங்க நம்பிக்க பொய்யா?"

இதற்கும் இரண்டு மூன்று தலைகள் ஆடின என்பதை வெட்கத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு பெரியவர் அந்தப் பசைச் சொட்டைக் கிள்ளி எடுத்து, எதற்கும் இருக்கட்டும் என்று வெற்றிலையில் மடித்துக்கொண்டார். ஐந்து செடி அழுகிய ஜெயராஜுக்குத்தான் தாங்கவில்லை. அப்படியானால் தன் வினையெல்லாம் என்னவானது என்று லோஜினியிடம் உண்மையான கவலையோடு கேட்டார். கள்ளிக்குப் பால் ஊற்றியதுதான் அண்ணே நீங்கள் செய்த வினை என்றாள் அவள். அவர் திரும்பி, பின்கதவுப் பக்கம் நழுவிய சாமியைச் சட்டென்று எட்டிப் பிடித்து, பொலிஸ் வரும்வரை விடவில்லை.

வெளியே பஸ் தரிப்பில், அன்றும் கூட வந்திருந்த ஆரணனோடு, மூன்று பேரும் நின்றார்கள். கமலாசனியின் குரல் இறங்கியிருந்தது.

"நடந்ததை மறந்திடும் பிள்ளை. ஐயரிட்டைக் கேட்டு, ஆவணியிலை நல்ல நாளொண்டு பாப்பம்."

ஆரணனின் முகம் அப்போதுதான் மலர்ந்தது. இரண்டு கிழமையாகச் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கண் இப்போது லோஜினியைப் பார்த்தது.

"அம்மா ஓமெண்டிட்டா, லோஜினி. இனி என்ன?"

லோஜினிக்கு அவனைப் பிடிக்கும், அந்த நிமிடத்திலும் பிடித்துத்தான் இருந்தது. அதனால்தான் நெஞ்சு அவ்வளவு வலித்தது. கண்டி பஸ் வந்து நின்றது. அவள் மிதிபலகையில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"ஒங்கம்மா என்னைப் பத்திப் பூவக் கேட்டாங்க. இப்ப ஐயரக் கேக்கப் போறாங்க. நீங்க ரெண்டு தடவையும் ஒங்கம்மாவக் கேட்டீங்க. ஒங்க தலைக்குள்ள ஒன்னு இருக்கு ஆரணன், அத மட்டும் இன்னும் யாரும் கேக்கல. கேட்டுட்டு வாங்க, அப்புறம் நான் நாள் சொல்றேன்."