பேனர் அண்ணனின் வெப்சைட்

காலி இடத்தைக் கண்டால் பேனர் அண்ணனைப் போலத் துடித்துப்போகிற மனிதர் செங்கல்பட்டில் முன்பும் இருந்ததில்லை, இனியும் பிறக்கப்போவதில்லை. ஃப்ளெக்ஸ் பேனர் அடித்துக்கொண்டிருந்தவர். பிறந்தநாள் பேனரில் குழந்தையின் முகத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கி, மிச்ச இடமெல்லாம் சொந்தக்காரர்களை நிரப்பிவிடுவார். "காலியா வுட்டா நாய் வந்து படுத்துக்கும்" என்பார்.

அதே கொள்கையோடுதான் வெப்சைட்டும் தொடங்கினார். மாமல்லபுரத்துக்கு எந்த பஸ், எங்கே சாப்பாடு நன்றாயிருக்கும், கடலில் எங்கே பயமில்லாமல் கால் நனைக்கலாம் என்று சொல்லும் தளம். எழுத என்னை வேலைக்கு வைத்தார். ஆரம்பத்தில் 'மாமல்லபுரம் சாப்பாடு' என்று தேடினால் எங்கள் பக்கம்தான் முதலில் வரும். பிறகு அண்ணன் விளம்பரம் போட ஆரம்பித்தார்.

தலைப்புக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, பத்திக்கு நடுவே ஒன்று. பக்கம் திறந்ததும் குறுக்கே வந்து நிற்பது இன்னொன்று. அதை மூடும் பெருக்கல் குறி எறும்பின் கண் அளவு. வலது மேல் மூலையை மட்டும் விட்டுவைத்தார். "அது ஈசானிய மூலைம்மா. பாரம் ஏத்தக்கூடாது."

தேடலில் எங்கள் பக்கம் இறங்கத் தொடங்கியது.

"அண்ணா, தொறந்ததும் வெறும் விளம்பரமா கீது. படிச்சிகினு இருக்கும்போதே எழுத்து குதிச்சி கீழ போவுது. வந்தவங்களுக்கு உதவாத பக்கம்னு தேடுற மெஷினு நம்மள பின்னால தள்ளுது" என்றேன்.

"பசிச்சவன் கீழ வருவாம்மா" என்று சொல்லிவிட்டு, கம்ப்யூட்டரைக் கிழக்குப் பார்த்துத் திருப்பி வைத்தார். இன்னும் இறங்கினோம். கற்பூரம் காட்டினார். தேடல் பட்டியலில் யாருமே எட்டிப் பார்க்காத கடைசிப் பக்கங்களுக்குப் போய்ச் சேர்ந்தோம். போன வருமானத்தை ஈடுகட்ட மேலும் விளம்பரம் சேர்த்தார்.

அந்தச் சமயத்தில்தான் அவர் மகள் கயலுக்குக் கூடுவாஞ்சேரியிலிருந்து வரன் வந்தது. மாமல்லபுரத்தில் கோயிலுக்குப் போய்விட்டு, ஓட்டலில் சாப்பிட்டுக்கொண்டே பேசலாம் என்று ஏற்பாடு. கயலுக்குத் துணையாக நானும் போனேன். தன் தொழிலைப் பற்றி அண்ணன் 'பிசினஸ்' என்பதோடு நிறுத்திக்கொண்டிருந்தார்.

பையனின் அம்மா, ஊருக்குத் திரும்ப பஸ் எப்போது என்று இடது கையால் போனில் தேடினார். பொறுமைசாலி. தள்ளித் தள்ளிக் கடைசியில் எங்கள் தளத்தையே திறந்தார். 'பஸ் நேரம் பார்க்க' என்ற வரிக்குக் கீழே பெரிய பச்சைப் பொத்தான். அழுத்தினார். அது விளம்பரம்.

"மூலமா? உட்கார முடியவில்லையா?" என்று ஒரு கணீர்க் குரல் ஓட்டல் முழுக்கக் கேட்டது. பதறி மூடப் பார்த்தார். விரல் தவறிப் பட்டதில் குரல் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. பக்கத்து மேசைகள் திரும்பின. பையன் போனை வாங்கி அணைத்தான்.

அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் ஒண்ணும் பண்ணலைங்க. பஸ்ஸுதான் பாத்தேன். எவன் இப்படி வச்சிகினு கீறானோ" என்றார், தப்பு தன்னுடையது போல.

'எவனோ' என்று அண்ணனும் சொல்லியிருக்கலாம். அங்கே யாருக்கும் தெரிந்திருக்காது. நான் அதைத்தான் எதிர்பார்த்தேன். அவர் இலையிலிருந்து கையை எடுத்தார்.

"நான்தாங்க வச்சேன். என் சைட்டுதான் அது."

தலை நிமிரவில்லை. கயல் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பச்சைப் பொத்தானுக்கு மேலிருந்த வரி நான் எழுதியது. எனக்கும் மேசைக்கடியில் போய்விடலாம் போலிருந்தது. சர்வர் ரசம் வேண்டுமா என்று கேட்டார்.

கடைசியில் பையனின் அப்பா, "பஸ்ஸு எப்போன்னாவது உங்களுக்குத் தெரியுமா?" என்றார்.

தெரியும். அவர்களை பஸ் ஏற்றிவிடும்வரை அண்ணன் வெயிலில் நின்றார். கை கும்பிட்டபடியே நின்றார்.

மறுநாள் வந்ததும், "எல்லாத்தையும் பிடுங்கிடும்மா" என்றார்.

"எல்லாம் வேணாம்ணா. சொல்ல வேண்டியத சொல்லிட்டு, கீழ ஒண்ணு ரெண்டு வச்சா யாரும் கோச்சுக்க மாட்டாங்க."

"அத விளம்பரம்னு எழுதியே வை."

பக்கம் மெதுவாக மேலேறியது. பழைய முதலிடம் இன்னும் வரவில்லை. கயலின் கல்யாணம் அந்தப் பையனோடேயே முடிந்தது. ஏன் சம்மதித்தார்கள் என்று அவர்கள் சொன்னதில்லை, அண்ணன் கேட்டதும் இல்லை.

இப்போதும் என்னோடு பஸ்ஸில் வரும்போது முன் சீட்டில் யாராவது மாமல்லபுரம் என்று போனில் தேடினால், அண்ணன் கூச்சத்தோடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார். அவருக்காக நான் எட்டிப் பார்த்து, "நம்ம சைட்டத்தாண்ணா, மூஞ்சி சுளிக்காம படிச்சிகினு கீறாங்க" என்று சொல்கிறேன்.