ஓப்பன் இன்ட்ரஸ்ட்டும் ஏலக்கூடத்து நாற்காலியும்

அரைகுறை அறிவுக்கு ஒரு குணம் உண்டு. தனியாக இருக்கும்போது அது வாயே திறக்காது; நாலு பேரைக் கூட்டி வைத்துத்தான் திறக்கும். நான் பதினோரு பேரைக் கூட்டி வைத்திருந்தேன்.

எங்களுக்குப் போடியில் ஏலக்காய் வியாபாரம். ஏலக்கூடத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விலை கேட்பது அப்பாதான். அவருக்குக் கண் ஆபரேஷன் ஆனது. ஒரு மாதம் திரையைப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்படியானால் அந்த நாற்காலி யாருக்கு? அண்ணன் டேனியல் அதில் ஏற்கனவே உட்கார்ந்துவிட்டவன் போலத்தான் நடந்துகொண்டான். எனக்கும் அது வேண்டும். ஆறு வருடமாகக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவளுக்கு வயிறு எரியாதா?

"ஏலம்னா சந்தையப் பாத்து டக்குனு முடிவெடுக்கணும். ஒனக்கு அது சரிப்படாது," என்றான் அண்ணன்.

"எனக்கும் சந்தை தெரியும்ணே," என்றேன். (கைப்பேசியில் பங்குச்சந்தை வீடியோக்கள் ஒரு பதினைந்து பார்த்திருந்தேன். அந்தத் திமிர்.)

அப்பா கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து, "அப்ப காட்டு, பாப்போம்," என்றார்.

காட்டினேன். மறுநாள் கடை டிவியில் கைப்பேசியை இணைத்துப் பங்குச்சந்தைக் கணக்கைத் திறந்தேன். எதிரே அப்பா, அம்மா, அண்ணன், மதினி, காய் தரம் பிரிக்கும் அக்காமார் ஏழு பேர். டிவியைப் பார்க்கக் கூடாது என்பதால், அப்பா காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மதினி டீயும் பழம்பொரியும் வேறு கொண்டுவந்தார். சினிமாக் கொட்டகை தோற்றது.

"ஓப்பன் இன்ட்ரஸ்ட்னா, போட்டு இன்னும் முடிக்காம நிக்கிற ஒப்பந்தம் எத்தனைன்னு சொல்ற கணக்கு," என்று ஆரம்பித்தேன். "சந்தை ஏறுனா லாபம் தர்ற ஒப்பந்தம் இது, கால் ஆப்ஷன். இந்தா, இந்த வெலைல மட்டும் மலை மாதிரி குமிஞ்சு கெடக்கு பாருங்க. அம்புட்டுப் பேரு அங்கன நிக்கிறாக. சந்தை அங்கன போகாம வேற எங்க போகும்?"

என் தர்க்கம் சுத்தமான போடித் தர்க்கம். ஏலத்தில் ஒரு சரக்குக்கு ஆள் கூடினால் விலை ஏறும். இங்கேயும் ஆள் கூடியிருக்கிறது, ஆகவே ஏறும். அக்காமார் எல்லாரும் தலையாட்டினார்கள். ஸ்கூட்டி வாங்கச் சேர்த்திருந்த பணத்தில் அதே விலைக்கான கால் ஆப்ஷனை வாங்கிப் போட்டேன்.

சந்தை ஏறியது! பத்து நிமிடம் நான்தான் ராணி. "ஆத்தா, நம்ம கிரேஸு கெட்டிக்காரிதான்," என்று புஷ்பம் அக்கா கன்னத்தில் கை வைத்தார். நான் குறிப்பிட்ட விலைக்குப் பக்கத்தில் போன சந்தை, சுவரில் முட்டியது போல நின்று, அப்படியே திரும்பியது. நான் வாங்கிய ஒப்பந்தம் டீ ஆறுவதற்குள் பாதி விலை. பழம்பொரி தீர்வதற்குள் கால் விலை.

அண்ணன் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு கேட்டான்: "ஏ கிரேஸு, அம்புட்டுப் பேரும் வாங்க நிக்கிறாகன்னியே, அப்ப வித்தது யாரு? கம்பத்துச் சித்தப்பாவா?"

கடையே சிரித்தது. அம்மாகூட முந்தானைக்குள் முகத்தை வைத்துச் சிரித்தார். மிச்சத்தை விற்றுவிட்டு மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அழுது முடித்த பிறகும் அந்தக் கேள்வி போகவில்லை. வித்தது யாரு? ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் வாங்கினவர் ஒருவர், விற்றவர் ஒருவர். நான் பாதிக் கூட்டத்தைத்தான் எண்ணியிருக்கிறேன்! விலை அதற்கு மேல் போகாது என்று விற்றுவிட்டு உட்கார்ந்திருந்தவர்களை என் கண் பார்க்கவே இல்லை. அதே வீடியோக்களை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். அந்த எண்ணிக்கையைத் தனியாகப் பார்த்தால் பயனில்லை, விலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். விலையும் எண்ணிக்கையும் சேர்ந்து ஏறினால் புது ஆட்கள் வருகிறார்கள். விலை ஏறி எண்ணிக்கை குறைந்தால், முன்பு விற்றவர்கள் பயந்துபோய்த் திருப்பி வாங்குகிறார்கள். அவர்கள் வாங்கி முடித்தால் ஏற்றம் தள்ளாடும். அண்ணன் கேலியாகக் கேட்ட கேள்வி எனக்குப் பாடப்புத்தகமாகிவிட்டது. (அவனுக்கு அது இன்றுவரை தெரியாது.)

இரண்டு நாள் கழித்து ஏலம். காது நல்லாத்தானே இருக்கு என்று அப்பாவும் கிளம்பிவிட்டார். நாற்காலியில் அண்ணன், நடுவில் அப்பா, ஓரத்தில் நான். காய் விலை ஒவ்வொரு சரக்குக்கும் ஏறிக்கொண்டே போனது.

"அப்பா, இப்ப வாங்கலைன்னா கெடைக்காது," என்று அண்ணன் துடித்தான்.

யார் வாங்குகிறார்கள் என்று பார்த்தேன். இரண்டே பேர். ஒருவர் தேவாரத்து வியாபாரி, இன்னொருவர் எங்கள் தெருக்காரர். இருவரும் வடக்கே சரக்கு அனுப்ப ஒப்புக்கொண்டு, காலையிலிருந்து வாசலில் காலி லாரியை நிறுத்தி வைத்திருந்தார்கள்.

"பொறுங்கப்பா," என்றேன். "இது புது ஆளு வந்து ஏத்துற வெலை இல்ல. கையில காய் இல்லாம வித்துட்டு, இப்ப அலறியடிச்சு வாங்குறாக. அவுக வாங்கி முடிச்சா வெலையத் தாங்க ஆளில்ல."

"ஒன் சந்தையத்தான் டிவில பாத்தோமே," என்றான் அண்ணன்.

இதுவும் தப்பானால் ஆயுசுக்கும் பில்தான். அப்பா அண்ணன் கையை மெல்லப் பிடித்து, "பொறுடா. அவுக எந்திரிக்கட்டும்," என்றார்.

ஏழு சரக்கு போனது. ஒவ்வொன்றும் முந்தியதைவிட அதிக விலை. அண்ணன் என்னை முறைக்க, நான் மேலே ஃபேனைப் பார்த்தேன். எட்டாவது முடிந்ததும் அந்த இருவரும் சோம்பல் முறித்து, டீ குடிக்க எழுந்தார்கள்.

ஒன்பதாவது சரக்கில் விலை சறுக்கியது. அடுத்ததில் இன்னும். பன்னிரண்டாவதில் காலை விலைக்கும் கீழே போனது. அப்பா அண்ணனின் தோளைத் தட்டி எழுப்பிவிட்டு, "ஒக்காரு கிரேஸு. போடு," என்றார். போட்டேன். தேவையான காய் முழுவதையும் வாங்கித் தள்ளினேன். அன்று நான் வீட்டுக்கு நடந்து போகவில்லை, பவனி போனேன்.

அப்பாவின் கண் எப்போதோ சரியாகிவிட்டது. நாற்காலியை அவர் திருப்பிக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் யாராவது இரண்டு பேர் கை கழுவ எழுந்தால் போதும், "கிரேஸு, எந்திரிச்சுட்டாக! மீன் தலைய அமுக்கு!" என்று அண்ணன் கத்துவான். நானும் வெட்கமில்லாமல் அமுக்குவேன்.

அந்த இரண்டு வியாபாரிகளும் இப்போது சேர்ந்து டீ குடிக்கப் போவதில்லை. ஒருவர் போய்த் திரும்பும்வரை இன்னொருவர் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.