ராஜா கோட்டையில் கை நனைத்த கதை

ஊர் சுற்றுகிறவனுக்கு யாரும் பெண் கொடுப்பதில்லை. ஒரே டீக்கடை பெஞ்சில் வருஷக்கணக்காக உட்கார்ந்திருப்பவனுக்குக்கூடக் கொடுத்துவிடுவார்கள். கேட்டால், "பையன் நெலையா ஒரு எடத்துல இருக்கறான்" என்பார்கள். நான் நிலையாக இல்லாதவன். ஒன்பதாம் வகுப்பில் கணக்கு வாத்தியாருக்கும் எனக்கும் ஏற்பட்ட கருத்து வேறுபாட்டில் (நான் தினமும் பள்ளிக்கு வர வேண்டும் என்பது அவர் கருத்து) வெளியேறி, விழுப்புரம் ஜங்ஷனில் வந்து நின்ற ஏதோ ஒரு ரயிலில் ஏறியவன்.

அதற்குப் பிறகு அவசரமே இல்லாமல் இந்தியாவைப் பார்த்தேன். கையில் காசு தீர்ந்த ஊரில் வேலை, வேலை சலித்த அன்று அடுத்த ரயில். அம்பாலா பக்கத்தில் சாலையோர தாபாவில் தட்டு கழுவினேன். சூரத்தில் துணி மூட்டை தூக்கினேன். லடாக்கில் ரோடு போடுகிறவர்களுக்குச் சோறு வடித்தேன். குவாஹாட்டியில் மலேரியா வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்தேன். இதையெல்லாம் கஷ்டம் என்று சொல்ல மாட்டேன். பசித்தது, கிடைத்ததைத் தின்றேன். காய்ச்சல் வந்தது, போனது.

பார்க்காதது ஒன்றே ஒன்றுதான். எங்கள் வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போடும் இடத்தில் நின்றால் செஞ்சியின் ராஜா கோட்டை மலையோடு தெரியும். அது எங்கே ஓடிவிடப்போகிறது என்று விட்டுவைத்திருந்தேன். அடிவாரத்தில் கல்யாண மகால் என்கிற பழைய அரண்மனைக் கட்டடத்தின் புல்தரையில் பள்ளிக்கூட நேரத்தில் படுத்துத் தூங்கியதோடு சரி. செஞ்சிக்காரர்களில் பாதிப் பேர் அந்த மலையில் ஏறாதவர்கள். மீதிப் பேர் ஏறியதாகப் பொய் சொல்கிறவர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் முதல் கட்சியிலிருந்து இரண்டாவது கட்சிக்கு மாறினேன்.

அன்றுதான் செல்வி வீட்டிலிருந்து எங்கள் வீட்டைப் பார்க்க வந்திருந்தார்கள். அதற்கு முந்தைய வாரம் நாங்கள் வல்லத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அவர்கள் ஊருக்குப் போய்ப் பெண் பார்த்துவிட்டு வந்திருந்தோம். பெண் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் கேட்கலாம் என்று பெருந்தன்மையாகச் சொன்னார்கள். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "லடாக் குளிர்ல எப்படிக் குளிப்பீங்க?" குளிக்க மாட்டேன் என்று உண்மையைச் சொன்னேன். அவள் சிரித்தாள். அதுவரை வந்த வரன்கள் எல்லாம் கைநழுவியபோது எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை. இது கைநழுவினால் தாங்காது என்று பஸ்ஸில் திரும்பும்போதே தெரிந்துவிட்டது.

வந்தவர்கள் இரண்டே பேர். செல்வியின் அப்பா ஏழுமலை, வேர்க்கடலை (எங்கள் பக்கத்தில் மல்லாட்டை) விவசாயி. கேள்வி கேட்டுவிட்டுப் பதிலைக் கேட்காமல் நம் முகத்தைப் பார்க்கிறவர். கூடவே அவர் தங்கை அஞ்சலை. அண்ணன் விட்டுவிடும் நுணுக்கங்களைப் பிடிப்பதற்காக வந்தவர்.

அம்மா விடியற்காலையிலேயே எழுந்து சமைத்திருந்தார். ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வீடு பார்க்க வந்தவர்கள் தண்ணீர் குடிக்கலாம், காபிகூடக் குடிக்கலாம், சாப்பிடக் கூடாது. சாப்பிட்டால் அதற்குப் பெயர் கை நனைப்பது. கை நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிவான மாதிரி. பிறகு எழுந்துபோய், 'யோசித்துச் சொல்கிறோம்' என்றெல்லாம் சொல்ல முடியாது. அதனால் அம்மா இலை போடட்டுமா என்று கேட்டதும் அஞ்சலை சொம்பைக் கீழே வைத்துவிட்டு, கடைத்தெருவில் பங்காளி வீட்டில் மத்தியான சாப்பாட்டுக்குச் சொல்லியிருப்பதாகச் சொல்லிவிட்டார்.

நானோ காலையிலிருந்து ஏழுமலைக்கு என் போனில் இந்தியாவைக் காட்டிக்கொண்டிருந்தேன். பனிமலை, பாலைவனம், பிரம்மபுத்திராவில் படகு. பேட்டரி உயிரை விடும்வரை பார்த்தார். பிறகு சொன்னார்:

"எல்லாம் நல்லாத்தான் இருக்குது. ஒங்க ஊரு போட்டா ஒண்ணுகூட இல்லியே தம்பி."

அவர் என்ன கேட்கிறார் என்று எல்லோருக்கும் புரிந்தது. இவன் கால் ஊரில் தரிக்குமா, மகளை விட்டுவிட்டு ரயிலேறிவிடுவானா என்பதுதான் கேள்வி. அதற்கு யோக்கியமாகப் பதில் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது: "போட்டோ எதுக்குங்க? கோட்டையில ஒவ்வொரு கல்லும் எனக்கு மனப்பாடம்."

"அப்டியா. நானும் எங்க மல்லாட்டைக் கொல்லையில நின்னு தெனம் பாக்கறேன், ஒரு நாளும் ஏறுனதில்ல. வா, காட்டு."

பங்குனி வெயில். அம்மா ஒரு கேரியரில் சாப்பாட்டைக் கட்டி என் கையில் திணித்தார். "மலையில சாப்ட்டா அது வீட்ல கை நனைச்சதா ஆவாதுன்னு சொல்லிப் பாரு" என்று காதில் ஓதினார். சட்டம் படிக்க வேண்டியவர், எனக்கு அம்மாவாகி வீணாய்ப் போனார்.

ஏழுமலையை எப்படிக் கூப்பிடுவது என்பது ஒரு தனிப் பிரச்சினை. மாமா என்றால் அவசரக்குடுக்கை, ஐயா என்றால் கூலிக்கு வந்தவன். அதனால் வழி முழுக்க, "இப்படி வாங்க", "அப்படிப் பாருங்க" என்று அந்தரத்தில் பேசிக்கொண்டே அழைத்துப் போனேன்.

உள்ளே போனதும் பெரிய வளைவுக் கூரையோடு ஒரு கட்டடம். ராணி நாட்டியம் பார்த்த மண்டபம் என்றேன். ராணியின் ரசனையைப் பற்றியும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டேன். அஞ்சலை அதற்குள் அந்தப் பக்கம் சுற்றிப் போய், அங்கே நட்டிருந்த பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"க... ளஞ்... சியம். ஏன் தம்பி, நெல்லு மேலயா ஆடுனாங்க?"

"நெல்லு தீர்ந்த பிறகுங்க" என்றேன். இன்றுவரை என் வாழ்நாளில் நான் சொன்ன பதில்களில் மிக மட்டமானது அதுதான். ஏழுமலை என் முகத்தை மட்டும் பார்த்தார்.

அடுத்தது மலை. படிக்கட்டு எங்கே தொடங்குகிறது என்று எனக்குத் தெரியாது. யாரையாவது கேட்டிருக்கலாம். கல் கல்லாக மனப்பாடம் செய்தவன் படிக்கட்டைக் கேட்பதா? புதருக்குள் ஒரு தடம் போனது. தடத்தில் ஆட்டுப் புழுக்கை கிடந்தது. இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

"படியில எல்லாம் வெளியூர்க்காரங்கதான் போவாங்க. ஊர்க்காரங்களுக்குன்னு தனி வழி இருக்குது" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தேன்.

அந்த வழி ஆடுகளுக்கு மிகவும் வசதியானது. அஞ்சலையின் புடவையைக் காரைமுள் பிடித்து இழுத்தது. ஏழுமலையின் ஒரு செருப்பு வார் அறுந்தது. அவர் இரண்டையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். நான் திரும்பித் திரும்பி இமயமலையில் மூச்சு வாங்காமல் ஏறுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தேன், மூச்சு வாங்கிக்கொண்டே. கடைசியில் வீடு அளவுப் பாறைகள் குவிந்த ஓர் இடத்தில் தடம் நின்றுவிட்டது. ஆடுகள் அங்கிருந்து எங்கே போகும் என்று எனக்குத் தெரியவில்லை. மேலே பாறை, பக்கத்தில் பாறை, வந்த வழி எது என்பதில் எனக்கும் அஞ்சலைக்கும் கருத்து வேறுபாடு. பாட்டில் தண்ணீர் எப்போதோ காலி.

"இங்கதான் எல்லாரும் உக்காந்து காத்து வாங்குவாங்க" என்றேன். காற்று இல்லை.

ஏழுமலை ஒரு கல்லில் உட்கார்ந்தார். வெயிலில் வியர்ப்பது வேறு. இவருக்குச் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. கை நடுங்கிக்கொண்டிருந்தது. அஞ்சலை அவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அண்ணா, காலைல சுகர் மாத்திரை போட்டியா?" என்றார். போட்டிருக்கிறார். பங்காளி வீட்டில் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று காலையில் இரண்டு இட்லியோடு கிளம்பியிருக்கிறார்.

எனக்கு அதுவரை இருந்த வாயெல்லாம் அடங்கியது. லடாக்கில் ரோடு போடுகிறவர்களின் கூடாரத்தில் ஒருவர் இப்படித்தான் உட்கார்ந்தபடியே சாய்ந்தார். சர்க்கரை இறங்கிவிட்டால் உடனே இனிப்பு கொடுக்க வேண்டும்; நல்லவேளையாகப் பக்கத்தில் வெல்லம் இருந்தது. என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு நாளில் எனக்கு உண்மையிலேயே தெரிந்த ஒரே விஷயம் அது. கேரியரைத் திறந்து அடுக்குகளைப் பாறைமேல் பரப்பினேன். சாம்பார் சாதம், வடை, தயிர் சாதம், கேசரி.

"கேசரியை வாயில போடுங்க, சீக்கிரம்."

ஏழுமலை தலையை ஆட்டினார். "வேணாம் தம்பி. கை நனைச்சதா ஆயிடும்."

நடுங்கும் கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் சம்பிரதாயம் பேசினார். நான் அம்மாவின் வாதத்தை எடுத்துவிட்டேன்: இது மலை, வீடு இல்லை. அஞ்சலை அதை உடனே மறுத்தார். எந்த அடுப்பில் வெந்தது என்பதுதான் கணக்கே தவிர, எங்கே உட்கார்ந்து தின்றோம் என்பது கணக்கில்லையாம். மருந்தாக நினைத்துச் சாப்பிடட்டும் என்றேன். மருந்தில் முந்திரிப் பருப்பு போடுவார்களா என்று கேட்டார். இப்படி நாங்கள் சட்டம் பேசிக்கொண்டிருந்தபோது மேல் பாறையிலிருந்து ஒரு குரங்கு இறங்கி வந்தது. நிதானமாக, அழைக்கப்பட்ட விருந்தாளி மாதிரி வந்து உட்கார்ந்து, சாம்பார் சாதத்துக்குள் கையை முழங்கைவரை விட்டது.

எங்கள் குடும்பத்தோடு சம்பந்தம் செய்ய முதலில் ஒப்புக்கொண்டது அதுதான்.

பின்னாலேயே அதன் வகையறா வந்தது. வடை போனது. தயிர் சாதம் அடுக்கோடு போனது. நான் கேசரிமேல் குப்புற விழுந்து அதை மட்டும் காப்பாற்றினேன் (என் ஒரே வெள்ளைச் சட்டையின் நெஞ்சுப் பகுதி அன்றோடு ஆரஞ்சு நிறமானது). மண்டிபோட்டபடி அவர் முன்னால் அந்த அடுக்கை நீட்டினேன்.

"மாமா, சாப்பிடுங்க. கல்யாணம் வேணாம். மலையனூர் அங்காளம்மன் மேல சத்தியமா சொல்றேன், நீங்க கை நனைச்சீங்கன்னு யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நாளைக்கே வேற எடம் பாருங்க. எனக்கு இந்த மலையில ஒரு கல்லும் தெரியாது. நான் ஏறுனதே இல்ல. சாப்பிடுங்க மாமா."

அவர் என் முகத்தைப் பார்த்தார். காலையிலிருந்து நான் பேசியதில் அவர் தேடிக்கொண்டிருந்தது அப்போதுதான் கிடைத்தது போல, கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கை நீட்டி ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார். அப்புறம் இன்னொரு வாய். அஞ்சலை பாறைப் பக்கம் திரும்பிக்கொண்டார். தான் பார்க்காவிட்டால் நடக்காத மாதிரி என்பது அவர் கண்டுபிடித்த சட்டமாக இருக்கலாம்.

கால்மணி நேரம் போயிருக்கும். நடுக்கம் நின்று, அவர் அடுக்கை வழித்துக்கொண்டிருந்தபோது தலைக்கு மேலே பேச்சுக் குரல் கேட்டது. பூக்கூடையோடு ஒரு அம்மா, கம்பிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எங்களைக் குனிந்து பார்த்தார். மலைமேல் இருக்கும் அம்மன் கோயிலுக்குப் போகிறவர்.

"அங்க இன்னா பண்றீங்க? படி இங்கதான் இருக்குது."

படிக்கட்டு நாங்கள் சாய்ந்திருந்த பாறைக்கு அந்தப் பக்கம் இருந்தது. நல்ல அகலமான படிக்கட்டு. ஒரு பள்ளிக்கூடமே வரிசையாக ஏறிக்கொண்டிருந்தது. முன்னால் போன குழந்தைக்கு ஏழெட்டு வயது இருக்கும்.

அந்தப் படி வழியாகவே இறங்கினோம். கீழே வந்து, ஏழுமலை குழாயில் கை கழுவினார். கழுவிய கையைத் துண்டில் துடைத்தபடி, பஸ் பிடிக்கத் தயாராக இருந்த தங்கையிடம் சொன்னார்: "அஞ்சல, பங்காளி வூட்டுக்கு வரலன்னு போன் பண்ணிடு. சம்பந்தி வூட்லயே சாப்டுக்கலாம்."

நான் செய்த சத்தியத்தை அவருக்கு நினைவுபடுத்தினேன். (சும்மா இருந்திருக்கலாம். எனக்கு அது வராது.)

"சத்தியம் பண்ணது நீ. நானா பண்ணேன்?" என்றார். "பொய் சொன்னே, அது எல்லா மாப்பிளையும் சொல்றதுதான். தோ பாரு, ஊரு சுத்துறதெல்லாம் சுத்திக்க, எம் பொண்ணையும் கூட்டிக்கினு போ. ஆனா எங்க போனாலும் வழி கேட்டுக்கினு போ."

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. கேரியர் ஒரு அடுக்கு குறைந்து திரும்பி வந்ததையும், என் நெஞ்சில் கேசரி ஒட்டியிருந்ததையும், வந்தவர்கள் தாங்களாகவே இலைக்கு முன் உட்கார்ந்ததையும் பார்த்துவிட்டு, நான் ஏதோ பெரிதாகச் சாதித்திருப்பதாக நினைத்துக்கொண்டார். இன்றுவரை நான் திருத்தவில்லை. மற்றவர்கள் எல்லோரும் திருத்திவிட்டார்கள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மாப்பிள்ளை அழைப்பில், பெண் வீட்டார் ஒருவர் என் கையைப் பிடித்து மண்டபம்வரை நடத்திக்கொண்டு போனார். சம்பிரதாயம் என்று நினைத்தேன். வழி தெரியாது என்பதற்காக என்று பிறகு தெரிந்தது. செல்வியும் நானும் இப்போது வருஷத்துக்கு ஒரு முறை எங்காவது கிளம்பிவிடுகிறோம், அவசரமில்லாமல். அவள் போகிற இடமெல்லாம் டீக்கடைக்காரரிடம் வழி கேட்கிறாள். நான் சண்டை போட்டால், "எங்க நைனா நாலு வாய் கேசரிக்கு என்னை எழுதிக் குடுத்துட்டாரு" என்கிறாள். மறுப்பதற்கு எனக்கு ஆதாரம் இல்லை.

ஏழுமலை வகையறாவில்தான் பெரிய மாற்றம். அவர்கள் இப்போது யார் வீட்டைப் பார்க்கப் போனாலும் கையோடு கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போகிறார்கள். அதற்கும் முன்னால் ஒரு விசாரணை உண்டு. பையனுக்கு என்ன வேலை, சொந்த வீடா, குடிப்பானா என்பதெல்லாம் அப்புறம். வண்டியை விட்டு இறங்கும் முன்பே, வாசலுக்கு வந்து கும்பிடுகிறவர்களிடம் அஞ்சலை அத்தை கேட்கிற முதல் கேள்வி இதுதான்:

"ஏம்பா, இந்த ஊர்ல மலை எதுனா இருக்குதா?"