பெட்ரோல் குடித்த பட்டாள லாரி

இனிமேல் என் சொந்தக் காசில் ஒரு சொட்டுப் பெட்ரோல் வாங்குவதில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நடுரோட்டில் நின்று சபதம் செய்தேன். நடுரோட்டில் நின்றதற்கு வேறு காரணம் ஒன்றும் இல்லை. லாரி அங்கேதான் நின்றுபோயிருந்தது.

யுத்தம் முடிந்து பட்டாளத்தார் ஏலம் போட்ட லாரி அது. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம். பின்னால் திறந்த தட்டு. சின்ன லாரிதான், ஆனால் யானையைக் கட்டி இழுக்கும். பாறசாலைச் சந்தைக்குப் பக்கத்தில் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கு வியாபாரம் செய்யும் ஞானசிகாமணியாகிய நான், மனைவி சுகிர்தபாயிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அதை வாங்கினேன். கனவு கண்டு வாங்கினேன் என்பதுதான் சரி. விடியும்போது பூவாரில் மீன் ஏற்ற வேண்டும். வெயில் ஏறுமுன் பெருங்கடவிளைச் சந்தையில் இறக்க வேண்டும். சாயங்காலம் அதே பூவாரில், நெய்யாறு கடலில் சேரும் இடத்தில், மணலில் லாரியை நிறுத்தி, இரண்டு கதவையும் திறந்து வைத்து, நானும் சுகிர்தமும் காற்று வாங்க வேண்டும்.

காற்று வாங்கக் காசு வேண்டாம். அங்கே போய்ச் சேரத்தான் வேண்டும். கிழங்கு ஏற்றி ஒரு மேடு ஏறினால் லாபம் போயிற்று. அடுத்த மேட்டில் முதலும் போயிற்று. மூன்றாவது மேட்டில் லாரியே நின்றுவிடும். அதன் டாங்கை எந்தக் குடும்பத்தால் தாங்க முடியும்?

அன்றைக்கு ஆராதனை முடிந்து வந்தவர்கள் வெள்ளை வேட்டியோடு லாரியைத் தள்ளினார்கள். சுகிர்தம் இறங்கவில்லை.

"இது இப்படிக் குடிக்குதே, ஏட்டி!" என்றேன்.

"பட்டாளத்துல இருந்த வண்டியில்லா? குடிச்சுப் பழகினதாக்கும்."

"நிறுத்த வழி உண்டா?"

"வாங்கினவருக்கு மொதல்ல தெளியணும்."

அதற்குப் பிறகு லாரி வீட்டு முற்றத்தில் நின்றது. நான் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அதில் ஏறி உட்கார்ந்துகொள்வேன். எஞ்சினைத் தொடமாட்டேன். காற்றில் தென்னை ஓலை ஆடும். அதன் நிழல் கண்ணாடிமேல் ஓடும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் நிழல் நின்றுவிடும், நான் ஓட ஆரம்பிப்பேன். வயல் போகும். குளம் போகும். ஈரக் காற்று முகத்தில் அடிக்கும்.

சுகிர்தம் கட்டன்காப்பியோடு வந்து கதவைத் தட்டுவாள்.

"எங்க எத்தியாச்சு?"

"காரோடு ஊரைத் தாண்டியாச்சு."

"செரி. திரும்பி வரும்போ மண்ணெண்ணெ வாங்கிட்டு வாருங்க."

அந்த வருஷங்களில் எங்கள் ஊருக்கு எல்லைப் பிரச்சினை. தமிழ் பேசும் ஊர்களெல்லாம் மதராஸோடு சேர வேண்டும் என்று ஒரு பக்கம். திருவிதாங்கூர்-கொச்சியிலேயே இருக்கட்டும் என்று மறுபக்கம். எனக்கும் ஒரு பிரச்சினை இருந்தது. அதற்குத்தான் எல்லையே இல்லை.

இணைப்புக் கட்சிக்கு எங்கள் ஊரில் தலைவர் தையல்காரர் விஜயதாஸ். ஒருநாள் வந்தார்.

"அண்ணாச்சி, நெய்யாற்றின்கரைக்கு ஊர்வலம் உண்டு. ஒமக்க லாரி முன்னால போவணும். கேட்டது தமிழாக்கும்!"

"தமிழுக்கு நான் உயிரையே தருவேன். பெட்ரோல் நீரு தாரும்."

அவர் தந்தார். அன்றே சாயங்காலம் மறுகட்சிக்காரர் சதாசிவன் வந்தார். நெய்யாற்றின்கரையில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர்.

"சேட்டா, மற்றந்நாள் நம்மளுக்கும் ஒரு ஜாதை உண்டு. வண்டி வேணும்."

"ஆவட்டும். பெட்ரோல் முன்கூட்டியே ஊத்தணும்."

தம் ஊர்வலத்துக்கு அவரும் ஊற்றினார். இரண்டு கட்சியும் ஒரே டாங்கில் ஒற்றுமையாக இருந்தன. ஊர்வலம் என்றால் நாலு எட்டு வைப்பார்கள், மிச்சத்தில் சுகிர்தத்தோடு பூவார் போய்வரலாம் என்பது என் திட்டம்.

ஊர்வலம் புறப்பட்டது. முதல் கியரில் பொடிநடை. தட்டில் விஜயதாஸ் கண்ணை மூடிக்கொண்டு தகரக் கூம்புக் குழலில் கோஷம் முழங்கினார். பின்னால் ஜனம் பதில் முழங்கியது. ஒரே தாளம். அலை வந்து அலை போவது மாதிரி. வெயில் மஞ்சளாக இருந்தது. கோஷம் கடலோசையாக மாறிற்று. பூவாருக்குப் பிரியும் வழி வந்தது. நான் திருப்பினேனா, லாரி தானே திரும்பிற்றா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கியரை மாற்றினேன். லாரி பறந்தது. கொடி பட்டம்போல அடித்துக்கொண்டது. தென்னைகள் இரண்டு பக்கமும் கைவீசின.

விஜயதாஸ் கண்ணைத் திறந்தபோது எதிரில் ஓர் ஆடு நின்றிருந்தது. கூரையைக் குத்தினார்.

"அண்ணாச்சி! கூட்டம் எங்க?"

"எந்தக் கூட்டம்?"

"பின்னால வந்த கூட்டம், ஓய்!"

"நான் முன்னால இல்லியா பாத்தேன்!"

அந்த இடத்தில் லாரி இரண்டு தரம் இருமி நின்றது. இரண்டு கட்சியின் பெட்ரோலும் தீர்ந்துவிட்டது. கடல் கண்ணுக்குத் தெரியவில்லை, வாசனை மட்டும் வந்தது. கடைசியில் ஒரு ஜோடிக் காளையைக் கட்டி வீட்டுக்கு இழுத்து வந்தார்கள். காளைகள் வழியில் வைக்கோல் மட்டும் தின்றன.

சங்கதி பரவி, மறுநாள் காலையில் முற்றத்தில் இரண்டு கட்சியும் நின்றன.

"என்றெ பெட்ரோலிலயா நிங்ஙளுக்க ஜாதை போச்சு?" என்றார் சதாசிவன்.

"தமிழனுக்க ஊர்வலம் ஒமக்க எண்ணெயிலயா ஓடிச்சு?" என்று துடித்தார் விஜயதாஸ். பிறகு இருவரும் என்னைப் பார்த்துத் திரும்பினார்கள். எல்லாருடைய கையிலும் கொடி இருந்தது. கொடியைவிடக் கம்பு பெரிதாக இருந்தது. நான் எந்தப் பக்கமும் சேராமல் லாரிப் பக்கம் நகர்ந்தேன்.

சுகிர்தம் வெளியே வந்தாள். ஒரு செம்பு மோரும் இரண்டு தம்ளரும் கொண்டுவந்தாள்.

"விஜயதாஸு, ஒனக்கு வண்டி ஓடணுமா, பேச்சு ஓடணுமா?"

"பேச்சுதான் அக்கா."

"சதாசிவா, ஒனக்கோ?"

"பிரசங்கம்தன்னெ சேச்சி."

"பின்ன எதுக்கு ஓடுதியோ? சந்தைக்கு வாற சனமெல்லாம் எனக்க முற்றத்து வழியாக்கும் போகுது. லாரி நிக்கட்டும். ஏறி நின்னு பேசுங்க. செவ்வாக்கெழம ஒனக்கு, வெள்ளிக்கெழம ஒனக்கு. ஊத்தின பெட்ரோலுக்கு மொதல் ரெண்டு கூட்டம் சும்மா. பொறவு வாடகை."

கம்புகள் இறங்கின. இருவரும் மோர் குடித்தார்கள். எனக்குத் தம்ளர் இல்லை.

அப்படி லாரி மேடையாயிற்று. சுகிர்தம் சுற்றிலும் தரைவரை கோடுபோட்ட துணி தொங்கவிட்டாள். ஒரு கட்சி மதராஸுக்குப் போகச் சொன்னது, மறுகட்சி போகாதே என்றது. கேட்டவர்கள் இரண்டுக்கும் கைதட்டி, இடைவேளையில் சுகிர்தத்திடம் அவித்த மரச்சீனியும் மீன்குழம்பும் வாங்கித் தின்றார்கள். கிழங்குக்குத் தோல் உரித்தவன் நான். ஓடும்போது வாயைத் திறந்த லாரி, நின்றபிறகு எங்கள் வாய்க்குப் போட ஆரம்பித்தது.

ஆனால் கனவுக்கு இது புரியுமா? தோல் உரிக்கும்போதெல்லாம் எனக்குக் கடல் கேட்டது. வீட்டுக்குத் தெரியாமல் பீடியை விட்டேன். பீடிக் காசு பெட்ரோலாயிற்று, சபதம் பீடியோடு போயிற்று. ஒரு தகரம் நிறைந்தது.

சுகிர்தம் சர்ச்சில் பெண்கள் கூட்டத்துக்குப் போன ஒரு மத்தியானம், டாங்கில் ஊற்றினேன். ஏறி உட்கார்ந்தேன். வந்ததும் அவளைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு நேரே கடலுக்குப் போவது. அதற்கு முன் சந்தைவரை ஒரு ஓட்டம் பார்த்துக்கொள்ளலாம் என்று பட்டது. சாவியைத் திருப்பினேன். எஞ்சின் கர்ஜித்தது! உடம்பெல்லாம் அதிர்ந்தது. கியர் போட்டு, கிளட்சைப் பைய விட்டேன். வேகமுள் எழுந்து பத்தைத் தொட்டது, இருபதைத் தொட்டது, முப்பதில் நின்று நடுங்கியது. என்ன சுகமான ஓட்டம்! ஒரு குலுக்கல் இல்லை, ஒரு பள்ளம் இல்லை. கண் தானாகச் செருகியது. உப்புக் காற்று வந்தது. வள்ளங்கள் வந்தன. ஆறும் கடலும் சேரும் இடத்தில் வெள்ளைக் கொக்குகள் எழுந்தன. சுகிர்தம் பக்கத்தில் முந்தானையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

யாரோ கதவைத் திறந்தார்கள். கையில் வேதபுத்தகத்தோடு சுகிர்தம் தரையில் நின்றுகொண்டிருந்தாள்.

"சுகிர்தம்!" என்று கத்தினேன். "ஓடுத வண்டியில ஏறாத! நில்லு, நிறுத்துதேன்!"

"பெட்ரோல கரிக்காம எறங்குங்க. பேசுறவங்க சவுட்டும்போ மேடை ஆடுதுண்ணு, நாலு சக்கரத்தையும் கழத்தி வித்துட்டு வண்டிய கல்லுலயாக்கும் வச்சிருக்கேன்."