முழங்கால் வரைக்கும் தண்ணீர்

செஞ்சியில் உயரமானவை மூன்று: ராஜகிரி மலை, கிருஷ்ணகிரி மலை, அப்புறம் எங்கள் ஏரித் தண்ணீரைக் காவல் காத்த ஆள், நீர்க்கட்டி. மூன்றிலும் அசையாதது கடைசிதான்.

அறுபதுகளில் மதகைத் திறந்து மூடுவது அவர் வேலை. கோடையில் தினமும் வேட்டியை மடித்துக்கொண்டு ஏரியில் இறங்கி நிற்பார். தண்ணீர் முழங்காலுக்கு இறங்கிவிட்டால் மதகை அடைத்துவிடுவார். பிறகு கலெக்டரே வந்து நின்றாலும் சொட்டு கிடைக்காது. அது ஊர் வழக்கம். அவர் பேரே ‘முழங்கால்’ ஆகிவிட்டது.

மிச்சத் தண்ணீர் நாரைகளுக்கு. ஏரிக்குள் நாய் தாவி எட்டும் உயரத்தில் இருந்த கருவேல மரங்களில் அவை குஞ்சு பொரித்திருக்கும். மரத்தடியில் தண்ணீர் நிற்கும்வரை நாய் அண்டாது.

ஒரு வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. எங்கள் நெல் கதிர் விட்டுக் காய்ந்துகொண்டிருந்தது. என்னைப் பெத்த நைனா போய்க் கெஞ்சினார்.

“ஒரே ஒரு தண்ணி உடுய்யா. கதிரு பால் புடிக்கிற நேரம்.”

“முழங்கால் ஆயிடுச்சி.”

“என் புள்ளைங்க சோத்துக்கு இன்னா பண்ணும்?”

“நாரைப் புள்ளைங்க இன்னா பண்ணும்? அதுங்களுக்கு ரேஷன் கார்டா இருக்குது?”

ஊர் கூடியது. வழக்கத்தை மீற ஒருத்தருக்கும் துணிச்சல் இல்லை. அப்போதுதான் மேதாவி நான் எழுந்தேன். “முழங்காலுன்னுதானே வழக்கம்? குள்ளமான ஆளா போடுங்களேன்!”

கைதட்டல் அடங்கவே இல்லை. நாலரை அடி உயர என் சித்தப்பாவுக்கு அன்றே பதவி. ஏரியில் இறங்கினார், தண்ணீர் தொடைக்கு வந்தது. “இன்னும் ஒரு சாண் இருக்குதுடோய்!” என்று கத்தினார். மதகு திறந்தது. எங்கள் நெல் பிழைத்தது.

மரத்தடி சேறானது. நாய்கள் வந்தன. கம்பும் கையுமாக முழங்கால் பகலெல்லாம் அந்தச் சேற்றில் ஓடினார். அவர் ஒற்றை ஆள், நாய்களோ நாலு பக்கமும். நாலாம் நாள் கூடுகளில் சத்தமே இல்லை.

அறுப்பு முடிந்து பாவி நான் அவர் வீட்டுக்குப் புது அரிசி கொண்டுபோனேன். திட்டுவார் என்றுதான் போனேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

“நீ சாப்டியா?” என்றார்.

“சாப்ட்டேன்.”

“அது போதும், போ.”

மறு வருஷம் ஏரி நிரம்பியது. நாரை ஒன்றுகூட வரவில்லை. சித்தப்பா தானாகவே போய் வேலையை முழங்காலிடம் திருப்பிக் கொடுத்தார். முழங்கால் சாகும்வரை தண்ணீரில் நின்று அளந்துகொண்டுதான் இருந்தார், காலி மரங்களுக்காக.

இன்றைக்கும் எந்த ஏரியில் இறங்கினாலும் நான் என் தொடையைத்தான் பார்க்கிறேன். அவர் முழங்கால் அங்கேதான் வரும்.